பார்த்ததா, நினைச்சதா

இன்றைக்குப் பத்து மணிக்கு எனக்கு டிரைவிங் டெஸ்ட், கொண்டுபோய் விட முடியுமா என்று ஜெபக்கனி கேட்டாள். இது நடந்தது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள், ஆவி அவள் முகத்தை மறைத்தது, என் பக்கம் திரும்பவில்லை. இதுவும் நடந்தது. எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதமாவது ஆகாமல் டெஸ்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், ஆகவே ஒரு மாதத்துக்கு மேலாகவே எனக்குத் தெரியாமல் கார் ஓட்டப் பழகியிருக்கிறாள் என்பது நான் கணக்குப் போட்டது, ஆனால் நல்ல கணக்கு, எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்கலாம். செவ்வாயும் சனியும் காலையில் யோகா என்று துணிப்பையை மாட்டிக்கொண்டு போனது யோகாவுக்கு அல்ல என்பது அதற்கு அடுத்த கணக்கு. இது வரைக்கும் தரை உறுதியாக இருக்கிறது. இதற்கு மேல் கால் வைத்தால் உள்ளே போகிறது. ஐம்பது வயதில், சைக்கிள்கூட ஓட்டாத ஒருத்தி, கட்டியவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அவன் இல்லாத ஓர் இடத்தில் ஓட்டத்தான் என்று மனசு சொல்கிறது. இது கணக்கு அல்ல, பயம். கணக்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பயம். எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அதை எழுந்து போ என்று சொல்ல முடியவில்லை. பாளையங்கோட்டை வெயில் காரின் வலது ஜன்னல் வழியாக வந்து தொடையில் விழுகிறது. வாகை மரத்தடியில்தான் நிறுத்தினேன், மரம் நிழலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம், இரு சக்கரக்காரர்கள் எட்டுப் போடுகிறார்கள், காலை ஊன்றியவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கார் டெஸ்டுக்கு வந்தவர்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள். அவள் கடைசியிலிருந்து இரண்டாவது. நீலக் காட்டன் சேலை, அதற்குக் கீழே மகள் ஷைனி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவை எந்தப் பரணிலிருந்து எடுத்தாள், எப்போது வெளுப்பு அடித்தாள். நான் வீட்டில்தானே இருந்தேன்.

வரும் வழியில், மார்க்கெட் திருப்பத்தில், பாஸ் ஆனா உங்கட்ட ஒண்ணு சொல்லணும் என்றாள். இப்பவே சொல்லேன் என்றேன். பாஸ் ஆனாத்தான் என்றாள். ஃபெயில் ஆனா என்றேன், வேடிக்கையாகக் கேட்பது போல. அவள் மடியில் இருந்த பையின் கைப்பிடியைச் சுருட்டிப் பிரித்துச் சுருட்டி, ஃபெயில் ஆனா அப்புறம் பாப்போம் என்றாள். அந்த ஒன்று என்ன என்பதுதான் இப்போது இந்தக் காருக்குள் என்னோடு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரியும் என்றால் தெரியாது, ஆனால் தெரியும். ஓசூர். அங்கே இருக்கும் ஷைனிக்குப் பிரசவ லீவு முடிந்துவிட்டது, மருமகனுக்கு மாற்றி மாற்றி ஷிஃப்ட், பேரன் ஆரன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான். கிரெஷ்ஷில் விட்டால் மாதத்தில் பாதி நாள் காய்ச்சல். அம்மா வந்தா நல்லா இருக்கும் என்று ஷைனி சொன்னதை நானே கேட்டேன். அம்மா வந்தால் ஆரனை டாக்டரிடம், பூங்காவுக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டும். எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதாலேயே சந்தேகப்பட வேண்டும் என்று என் தொழில் சொல்கிறது, ஆனால் என் தொழில் என்றைக்கு என் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. போன மாதம் சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் குடிக்கப் போனேன், அப்பாட்ட இப்பச் சொல்லாத, நானே சொல்லுதேன் என்றாள், என்னைப் பார்த்ததும் புளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எங்கள் தெரு ஞானதுரையின் மனைவி பேரனைப் பார்க்கக் கொஞ்ச நாள் என்றுதான் சென்னைக்குப் போனாள். பேரன் இப்போது கிரிக்கெட் கோச்சிங் போகிறான், அவள் இன்னும் வரவில்லை. ஞானதுரையைப் பஸ் ஸ்டாண்டு மெஸ் வாசலில் பார்க்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் அண்ணாச்சி என்கிறார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. சட்டைப் பையின் மேல் சாம்பார்த் துளி. அவர் நல்லா இருக்கிறார் என்பது அவர் சொன்னது, துளி நான் பார்த்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டு பல் குத்துகிறார்.

நான் சர்வேயர். இதைச் சொன்னால் நிலம் அளக்கிறவரா என்று கேட்பார்கள், எங்க மச்சினன் இடத்தில் ஒரு அடி விட்டுப்போச்சு சார் என்று ஆரம்பிப்பார்கள். நிலம் இல்லை, அடிபட்ட வண்டி. கார் மோதினால், லாரி உரசினால், இன்சூரன்ஸ் பணம் கேட்டால், கம்பெனி என்னை அனுப்பும். நான் போய்ப் பார்ப்பேன். கீறல் எந்தத் திசையில் இழுத்திருக்கிறது, எந்த உயரத்தில், அதில் ஒட்டியிருக்கும் வேறு வண்டியின் பெயிண்ட் என்ன நிறம். பார்த்ததை ஒரு பக்கம், அதிலிருந்து நான் முடிவு கட்டியதை இன்னொரு பக்கம் எழுத வேண்டும், இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் யாரோ ஒரு டிரைவரின் வேலை போகும். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கார்க்காரர், லாரிக்காரன் குடிச்சிட்டு வந்து இடிச்சான் சார் என்று சத்தியம் செய்தார். குடிச்சது எப்படித் தெரியும் என்றேன். கண்ணு ரத்தமாட்டம் சிவந்து கெடந்தது, இதுக்கு மேல என்ன வேணும் என்றார். லாரிக்காரனைப் போய்ப் பார்த்தேன். ஒரு கண்ணில் நீர் வடிய, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான், மெட்ராஸ் ஐ. அடுத்த வாரம் கையெழுத்து வாங்கப் போனபோது கார்க்காரரும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து கதவைத் திறந்தார். நீங்க குடிச்சிருக்கீங்களா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இதை வீட்டில் சொன்னபோது ஷைனி ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. டீச்சருக்கு என்னைப் பிடிக்கலப்பா என்பாள். பார்த்ததா, நினைச்சதா, பிடிக்காததா என்பேன். யோசிப்பாள். நோட்டைத் திருத்தாம வச்சிட்டாங்க, அது பார்த்தது. என்னைப் பிடிக்கலைங்கிறது நினைச்சது. டீச்சர் மோசம்ங்கிறது பிடிக்காதது. பிறகு அழுகை நின்றுவிடும், அல்லது அழ வேறு நல்ல காரணம் கிடைக்கும். ஜெபக்கனியும் பிடித்துக்கொண்டாள். மீன்காரன் ஏமாத்திட்டான் என்று நான் வந்து நின்றால், செவுளைத் தூக்கிப் பார்த்தபடி, பார்த்ததா நினைச்சதா என்பாள். மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது விளையாட்டா கத்தியா என்று தெரியாத ஒரு சாமானாக அடுக்களையில் கிடந்தது. கத்தியாகவும் இருக்கும். நான்தான் அதை அப்படி எடுத்தேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம். வரிசை நகர்கிறது. அவள் முன்னால் நிற்கும் கல்லூரிப் பெண்ணிடம் ஏதோ சொல்கிறாள், அந்தப் பெண் சிரிக்கிறாள். என்னிடம் இப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து எவ்வளவு நாளாயிற்று. இது பார்த்தது இல்லை. நேற்றுக்கூடச் சிரித்தோம், பக்கத்து வீட்டு நாய் எங்கள் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு. மனசு எப்படி வாதி பக்கமே போய் நிற்கிறது பாருங்கள்.

இருந்தாலும் விஷயங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளர் இடது கைப் பக்கம் இருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான், வலது கை சோற்றில் இருக்கும், இடது கையால் எடுத்துக் குடிப்பேன். நான் அதை இரண்டு தடவை தட்டிவிட்டேன், கவனக் குறைவு, யாருக்கும் நடக்கும். சில மாதங்களாக டம்ளர் வலது பக்கம் இருக்கிறது, தட்டுக்கு முன்னால், எட்டி எடுக்க வேண்டிய இடத்தில். ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒருத்தனுக்குத் தண்ணீர் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவள் மறந்துபோகிறாள் என்றால் அவள் மனசு இங்கே இல்லை என்று நினைத்தேன். கோயிலுக்கு நடந்து போகும்போது வண்டி போகும் பக்கம் நான், ஓரத்தில் அவள், அதுதான் வழக்கம். இப்போது தெருமுனை வந்ததும் சுற்றி வந்து என் இடது பக்கம், வண்டிகள் உரசும் பக்கம், நடக்கிறாள். உள்ள வா என்றால், பரவால்ல, எனக்கு இதுதான் தோதா இருக்கு என்கிறாள். என் காவல் இனி வேண்டாம் என்கிறாளோ என்று நினைத்தேன். மாலை மங்கிவிட்டால் என்னோடு வண்டியில் எங்கேயும் வருவதில்லை, காலைல போவோம், நாளைக்குப் போவோம். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நினைத்தேன், நினைத்தேன், எவ்வளவு நினைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையில் அடுக்கினால் ஓசூர் வருகிறது. ஒன்று மட்டும் வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது. சமையலறை வாசல் நிலையில் இடித்துக்கொண்டு என் இடது தோள் கன்றிப்போய் இருந்தது, நான் கவனிக்கக்கூட இல்லை, ஒரு மத்தியானம் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து தைலம் தேய்த்தாள். எப்படி என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் தேய்த்தாள், வலி போன பிறகும். விட்டுப் போகிறவள் அப்படித் தேய்ப்பாளா. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பொருந்தாத ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வொர்க்ஷாப் வொர்க்ஷாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

கோவில்பட்டிக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது நினைவுக்கு வருகிறது. வந்துவிட்டது, இனித் தள்ள முடியாது. பொழுது சாயும் நேரம். கயத்தாறு தாண்டி அவள் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல், உங்க கண்ணக் கொண்டு காட்டுவோமா, கண்ணாடி மாத்தணுமோ என்னமோ என்றாள். எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. தெரியும். அப்பாவுக்குக் கடைசியில் இரண்டு கண்ணும் இல்லை, செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் யார் என்று சொல்வார், நான் புதுச் செருப்பு வாங்கினால் ரெண்டு நாளைக்கு நான் அவருக்கு அந்நியன். கண் போன சர்வேயரை எந்தக் கம்பெனி கூப்பிடும். இதெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை. என் கண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா, நீ சொல்லுதது பார்த்ததா நினைச்சதா என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணுல மருந்து விட்டா அன்னைக்குப் பூரா வண்டி ஓட்ட முடியாது, வண்டிய அங்கன போட்டுட்டு எப்படித் திரும்பி வாரதாம் என்று வேறு கேட்டேன். ஆட்டோல போவோம் என்றாள். ஆட்டோல போய்க் கண்ணாஸ்பத்திரி வாசல்ல எறங்கினா நாலு பேரு பாப்பான், சர்வேயருக்குக் கண்ணு தெரியலன்னு நாளைக்கு ஊரே சொல்லும் என்றேன். சரி என்றாள். அதற்குப் பிறகு என் கண்ணைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் காரின் கதவைத் திறந்து ஏறுவதற்கு முன் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்கிறாள். வயலில் இறங்குகிறவள் மாதிரி இருக்கிறது. பக்கத்து இருக்கையில் பிரேக் இன்ஸ்பெக்டர், மடியில் அட்டை, பின்னால் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முப்பிடாதி மாஸ்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு. கார் ஒரு தடவை குலுங்கி நகர்ந்தது. கேட்டைத் தாண்டி, என்னைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தை நோக்கிப் போனது. என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள், உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, ஜெபமோ, கிளட்ச் பிரேக் கிளட்ச்சோ. சாமி, அவள் பாஸ் ஆகட்டும். நான் அப்படித்தான் நினைத்தேன், நினைத்த பிறகுதான் பாஸ் ஆனால் என்ன சொல்வாள் என்பது வந்தது, அதற்குள் வேண்டிக்கொண்டாயிற்று, திரும்ப வாங்க முடியாது. தொடை எரிகிறது. கதவைத் திறந்து இறங்கினேன். மரத்தின் நிழல் காரின் இடது பக்கத்தில் கிடந்தது, சுற்றிக்கொண்டு போய் அந்த நிழலில் நின்றேன். இந்தக் காரின் இடது பக்கத்தை நான் பார்த்துப் பல நாளாயிற்று என்று தோன்றியது. ஏறுவது வலது பக்கம், இறங்குவது வலது பக்கம். முன் பம்பர் மூலையில் பெயிண்ட் போய்க் கறுப்புத் தெரிந்தது. தெரியும், பால் வண்டிக்காரன் மார்க்கெட்டில் உரசிவிட்டு நிற்காமல் போனது, கண்ணு தெரியாத பய. பக்கக் கண்ணாடியின் கூட்டில் வெடிப்பு. சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண் தட்டியது. பின் கதவில் நீளமாக ஒரு கோடு, வீட்டுக் கேட் தூண், கொத்தனார் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தால் பட்டிருக்காது. சக்கரத்தின் தகட்டில் நடைபாதைக் கல் தேய்த்த வட்டம். இதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று நினைவு வரவில்லை.

பிறகு, எப்படி என்று தெரியாது, கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது, எழுத அல்ல, கீறலின் மேல் வைத்துத் திசை பார்க்க. வேறு யாருடைய வண்டியோ போல முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். பால் வண்டி உரசியிருந்தால் கீறல் அவன் போன திசையில் இழுத்திருக்க வேண்டும், அவன் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருப்பது சுண்ணாம்பு. இழுத்திருப்பது முன்னாலிருந்து பின்னுக்கு, ஓடியது என் வண்டி. கண்ணாடிக் கூடு முன்னாலிருந்து அடி வாங்கியிருக்கிறது. எதிரே நின்ற ஒன்றின் மேல் இந்த வண்டி போயிருக்கிறது, அந்த ஒன்று இதன் மேல் வரவில்லை. எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. பறவை எச்சம். மறுபடி இடது பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒருத்தனைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நம்பக்கூடியது, ஒரு தடவையாவது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் பார்த்தவன். தண்ணீர் டம்ளர் இடது பக்கம் இருந்தது, நான் தட்டிய டம்ளர். கோயில் போகும் வழியில் அவள் வந்து நின்றது இடது பக்கம். நிலையில் இடித்தது இடது தோள். வேலிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினேன். நேரே எதிரில் அலுவலகத்தின் போர்டு இருந்தது. சுற்றிலும் அடுப்புப் புகை பிடித்த கண்ணாடி மாதிரி. மைதானத்தின் இடது ஓரத்தில் சற்று முன் டிரைவிங் ஸ்கூல் கார் திரும்பி வந்து ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியிருந்தது, அந்தக் கார் இல்லை. ரிவர்ஸுக்காக நட்டிருந்த கம்பங்கள் இல்லை. வேப்பமரம் இல்லை. கையை எடுத்தேன், எல்லாம் இருந்தன. பொத்தினேன், இல்லை. அப்பா திண்டாடியபடி நீட்டிய கை எங்கிருந்தோ வந்தது, இந்தக் கையும் இப்படி நீளுமா, எதை நோக்கி. மூன்றாவது தடவை பொத்தியபடி நின்றபோது இல்லாத அந்தப் பக்கத்திலிருந்து டக் என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு முப்பிடாதி மாஸ்டரின் குரல், அய்யோ அம்மா.

கம்பம் சாய்ந்து கிடந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் இறங்கி அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாஸ்டர்தான் முதலில் என்னிடம் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு. “சார், அம்மா நல்லாத்தான் ஓட்டினாங்க. பாலத்து ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்தாங்க பாருங்க, இன்ஸ்பெக்டரே நிமுந்து உக்காந்துட்டாரு. ரிவர்ஸ்லதான் எங்கயோ வேடிக்கை பாத்துட்டாங்க. அடுத்த வாரம் வந்தா முடிச்சிரலாம்.” அவள் பின்னால் மெதுவாக வந்தாள். கொசுவத்தை இறக்கிவிட்டிருந்தாள், ஷூவில் செம்மண். “ஃபெயில்” என்றாள். “சரி, போவோம்.” ஏறுவதற்காக இடது கதவுக்கு வந்தாள், நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், நகரவில்லை.

“அந்த ஒண்ணு?” என்றேன்.

“பாஸ் ஆனாத்தான்னு சொன்னேன்ல.”

“எங்க வேடிக்கை பாத்த?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். “நீங்க ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு நின்னீங்க. எடுத்து எடுத்துப் பொத்தினீங்க. கண்ணாடில தெரிஞ்சது. கையும் காலும் ஓடல, கம்பத்துல விட்டுட்டேன்.” பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல், “பார்த்ததச் சொல்லுதேன். நினைச்சத ஒண்ணும் சொல்லல” என்றாள்.

கல்யாணமான புதிதில் இவளிடம் பேச வார்த்தை கிடைக்காமல் மின்விசிறியைப் பற்றிப் பேசியவன் நான். இப்போதும் கைக்கு அருகில் இருந்ததைத்தான் பிடித்துக்கொண்டேன். “இது பால் வண்டி இடிச்சதில்ல, கனி” என்றேன், பம்பரைக் காட்டி.

“தெரியும்.”

“கேட் தூணும் கொத்தனார் தப்பில்ல.”

“அந்தத் தூணு நாம குடி வந்த நாள்லேருந்து அங்கனதான் நிக்கி” என்றாள். உதட்டின் ஓரம் அசைந்தது, சிரிப்பா அழுகையா, முடிவு கட்டவில்லை, காத்திருந்தேன். “நானும் உங்கட்ட நூறு மட்டம் சொல்லப் பாத்தேன். நினைச்சதுன்னு தள்ளிருவீங்க. அதான் வாயத் தொறக்கல.”

“ஓசூருக்கு எப்பப் போற?”

“ஓசூருக்கா? எதுக்கு?”

“ஷைனிட்ட, அப்பாட்ட சொல்லாதன்னு போன்ல சொன்னியே. கேட்டேன்.”

“இந்த டெஸ்டத்தான் சொன்னேன். சொல்லிட்டு ஃபெயிலானா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்களே.” பிறகு புரிந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவ கூப்பிடத்தான் செய்தா. ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டா. அது மட்டும் உங்க காதுல விழலையாக்கும்.”

“அப்ப கார் எதுக்குக் கத்துக்கிட்ட?”

பையைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்து என் வலது கைப் பக்கம் நீட்டினாள். “மருந்து விட்டா வண்டி ஓட்ட முடியாது, எப்படித் திரும்பி வாரதுன்னு கேட்டீங்கல்லா” என்றாள். “அதுக்குத்தான்.”

நான் குடித்தேன். பாட்டிலில் தண்ணீர் இருந்த வரைக்கும் குடித்தேன், முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். இவள் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு செவ்வாயும் சனியும் போய் விடை தேடியிருக்கிறாள், அறியாத மனிதர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, கை நடுங்க, மகளின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு. கை நடுங்க என்பது நான் நினைத்தது. இருக்கட்டும், அது இருக்கட்டும்.

“கண்ணாஸ்பத்திரில பதினோரு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்காங்க” என்றாள். “பாஸ் ஆயிருந்தா நானே ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அதச் சொல்லணும்னுதான் இருந்தேன். இப்ப ஆட்டோதான்.”

“எல்.எல்.ஆர். செல்லும்ல?”

“செல்லும்.”

“பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு உக்காந்தா நீ ஓட்டலாம்.”

“ஆளுக்கு லைசென்ஸ் இருக்கு. மத்தது?”

“மத்தது போய்த்தான் பாக்கணும்” என்றேன். முப்பிடாதி மாஸ்டரைக் கூப்பிட்டு, எல் போர்டு ஒண்ணு குடுங்க, சாயங்காலம் கொண்டுவந்து தாரேன் என்று கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தன் காரின் முன்னால் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் பம்பரில் அவரே கட்டினார், கறுப்புத் தெரிந்த மூலை மறையும்படி. சாவியைக் கொடுத்தேன். அவள் வலது பக்கம் போனாள். நான் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தேன், என் காரில் முதல் தடவையாக. கால்களுக்கு வேலை இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கதவுக்கு மேலே ஒரு பிடி இருந்தது, கயத்தாறிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு வந்த பிடி. அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள், என் பெல்ட்டைப் பார்த்தாள். வண்டி குலுங்கி நின்றுபோனது. “பேசாதீங்க” என்றாள், நான் பேசவில்லை. மறுபடி எடுத்தாள், நகர்ந்தது. ரோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, வலது பக்கம் பார்த்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், “இடது பக்கம் யாரும் வாராங்களான்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கியரின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் கழுத்தைத் திருப்பினேன், போதவில்லை, பெல்ட்டை இழுத்துக்கொண்டு தோளையும் இடுப்பையும் திருப்பி, உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் கொண்டுபோய், இரண்டு கண்ணும் ரோட்டின் மேல் படும்படி வைத்துப் பார்த்தேன். பாலம் வரைக்கும் வெயில். ஓரத்தில் ஓர் ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

“யாரும் வரல” என்றேன்.

“பார்த்ததா, நினைச்சதா?”

“பார்த்தது.”

அவள் கிளட்ச்சை விட்டாள்.